பரங்கிப்பேட்டை இரும்பும் தேயாத உளியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் பரங்கிப்பேட்டை என்று ஒரு ஊர் வரும். அந்தப் பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிலருக்கு மீன். சிலருக்கு வெள்ளாறு கடலில் கலக்கிற இடமும், அங்கே இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும். சரித்திரப் பிரியர்கள் 1781 ஜூலை 1 என்று தேதியோடு சொல்லுவார்கள். ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் சண்டை நடந்தது அங்கேதான்.

இரும்பு யாருக்காவது ஞாபகம் வந்ததா? வந்திருக்காது. ஆனால் இந்தியாவில் ஐரோப்பிய பாணியில், பெரிய ஊதுலை கட்டி இரும்பு உருக்க நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று இந்த ஊரில்தான் நடந்தது. 1830களில்! அப்போது இந்தியாவில் பயணிகள் ரயிலே கிடையாது.

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுற கோஷ்டி. அதனால இந்தப் பதிவில் வெறும் சரித்திரம் மட்டும் இருக்காது, கொஞ்சம் உலோகமும் கலந்து வரும். பயப்படாதீங்க, ஃபார்முலா ஒண்ணே ஒண்ணுதான். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

அடிக்கிற இரும்பின் கதை

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். துருத்தி ஊத, கரி கனன்று, இரும்பு சிவந்து வெளியே வரும். குறட்டால் பிடித்துப் பட்டடைக்கல்லில் வைத்து சம்மட்டியால் அடிப்பார்கள். நம் கண் முழுக்க அந்த சிவந்த இரும்பு மேல்தான் இருக்கும். அது கத்தி ஆகுது, அரிவாள் ஆகுது, கடப்பாரை ஆகுது.

ஆனா அடிக்கிற சம்மட்டி, தாங்குற பட்டடை, பிடிக்கிற குறடு, வெட்டுற உளி.. இதெல்லாமும் இரும்புதானே? ஒரு இரும்பை இன்னொரு இரும்பு அடித்து வளைக்கும்போது, அடிக்கிறது மட்டும் ஏன் வளையாமல் இருக்கிறது?

பதில் சுலபம். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி. சூடான இரும்பு இளகும். சிக்கல் என்னவென்றால் சூடு ஓரிடத்தில் நிற்காது. தொட்ட இடமெல்லாம் ஏறும். சிவந்த இரும்பில் உளியை வைத்தால் உளியின் நுனியும் சூடாகும். சாதா கார்பன் எஃகாக இருந்தால் 200 டிகிரி சென்டிகிரேடு தாண்டும்போதே அதன் கடினம் இறங்க ஆரம்பிக்கும். 500, 600 போனால் முக்கால்வாசி போய்விடும். உளியை அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுப்பது சும்மா பழக்கத்துக்காக இல்லை. உளியின் உயிரே அந்தத் தண்ணீர்த் தொட்டியில்தான் இருக்கிறது.

இன்னொரு எதிரியும் உண்டு. சூடான இரும்பின் மேல் காற்று பட்டதும் கருப்பாக ஒரு செதில் படியும். இரும்பு ஆக்சைடு. அது உப்புத்தாள் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் கருவியின் முகத்தைச் சுரண்டும்.

இதைக் கணக்காகச் சொன்னவர் ஆர்ச்சர்ட், 1953ல். தேய்மானம் எவ்வளவு? அழுத்தத்தை உரசிய தூரத்தால் பெருக்கி, தேய்கிற பொருளின் கடினத்தால் வகுத்து, அந்த ஜோடிக்கு உரிய ஒரு எண்ணால் பெருக்கு. அவ்வளவுதான். (நான் சொன்ன அந்த ஒரே ஃபார்முலா இதுதான். முடிஞ்சது!) கடினம் பாதியானால் தேய்மானம் இரட்டிப்பு. சூடு கருவிக்கு ஏன் எமன் என்று இப்போது புரிகிறதா?

அப்போ இரும்பை ரொம்ப சூடாக்காம அடிச்சா என்ன? அடிக்கலாம். ஆனால் இளகாத இரும்பை வளைக்க பலமாக, பல தடவை அடிக்க வேண்டும். அழுத்தம் கூடும், மறுபடியும் கருவிதான் தேயும். சூட்டைக் கூட்டினாலும் அடி, குறைத்தாலும் அடி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்கிற கதை.

நம்ம ஊர் எஃகும் வெள்ளைக்காரர் சுத்தியலும்

இந்த சூட்டுக் கணக்கில் நம் பழைய கொல்லர்கள் எங்கே நின்றார்கள் என்பது சுவாரசியமான விஷயம். தமிழ்நாட்டிலும் தென்னிந்தியாவின் மற்ற பகுதிகளிலும் செய்த உருக்கு எஃகை வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். தேனிரும்பைச் சின்ன மண் குகையில் போட்டு, கூடவே ஆவாரங்கட்டை, எருக்கிலை மாதிரியான இலைகள் வைத்து மூடி, கரி உலையில் உருக்குவது. கட்டையிலும் இலையிலும் இருக்கிற கார்பன் இரும்புக்குள் இறங்கும். கார்பன் ஒன்றரை சதவீதம் வரைக்கும் போகிற, அபாரமான கடினம் உள்ள எஃகு அது.

1795ல் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். பிற்பாடு மைக்கேல் ஃபாரடே இதே எஃகை ஆராய்ந்தார். மின்சாரத்தில் பேர் வாங்கின அதே ஃபாரடேதான். கொல்லர் வீட்டுப் பிள்ளை!

ஐரோப்பிய கொல்லர்கள் பலருக்கு இந்த எஃகு வசப்படவில்லை. தங்கள் ஊர் இரும்பைப் போல நன்றாகச் சூடாக்கி அடித்தார்கள், அது உடைந்து உதிர்ந்தது. இவ்வளவு கார்பன் உள்ள எஃகு மங்கலான சிவப்பில் அடிக்க வேண்டிய சரக்கு. அந்தச் சூட்டில் அது சுலபத்தில் இளகாது. பொறுமையாக, சின்னச் சின்ன அடியாக, பலமுறை சூடாக்கி அடிக்க வேண்டும். நேரமும் போகும், சம்மட்டியும் தேயும். ஆனால் வாள் தேறும். நம்ம ஆளுங்க தெர்மாமீட்டர் இல்லாமல், இரும்பின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார்கள்.

ஹீத் வருகிறார்

இனி நம்ம ஹீரோ (வில்லன்? நீங்களே முடிவு பண்ணுங்க). ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரி. சேலம் பக்கம் வேலை பார்த்தபோது, அங்கே கஞ்சமலை மாதிரி இடங்களில் கொட்டிக் கிடக்கும் காந்தக் கல்லையும் அதைச் சின்ன மண் உலைகளில் உருக்குகிற உள்ளூர்க்காரர்களையும் பார்த்தார். இதையே பெரிய அளவில் செய்தால்? வேலையை விட்டார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனியிடம் வாங்கினார். பணமும் கடன் வாங்கினார்.

உலை கட்ட அவர் பிடித்த இடம் பரங்கிப்பேட்டை. ஏன் அங்கே? கடல் பக்கத்தில் இருக்கிறது, செய்ததை நேராகக் கப்பலில் ஏற்றலாம். கல்லு சேலத்துப் பக்கமிருந்து வண்டியிலும் படகிலுமாக வந்து சேர வேண்டும். எரிபொருள் மரக்கரி. அது சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்து.

இங்கேதான் சனி பிடித்தது. ஒரு டன் இரும்பு உருக்கப் பல டன் கரி வேண்டும். கரிக்கு அதைப்போலப் பல மடங்கு விறகு வேண்டும். பக்கத்துக் காடு தீர்ந்ததும் அடுத்த காடு, அப்புறம் இன்னும் தூரக் காடு. ஒவ்வொரு மைலுக்கும் வண்டிச் சத்தம் ஏறும். ஆலை லாபம் பார்க்கவே இல்லை. 1853ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதுக் கம்பெனி இந்த வேலைகளை எடுத்து நடத்தியது. அதுவும் நீடிக்கவில்லை, 1860களில் எல்லாம் முடங்கியது.

இதில் ஒரு சோகமான வேடிக்கை. அதே தென்னாற்காடு மாவட்டத்தில், பரங்கிப்பேட்டைக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில், நெய்வேலியில் மண்ணுக்குள் அத்தனை பழுப்பு நிலக்கரி படுத்துக் கிடந்தது. அதை வெட்டி எடுக்க 1961 ஆக வேண்டியிருந்தது. பழுப்பு நிலக்கரியை அப்படியே ஊதுலையில் போட்டு இரும்பு உருக்க முடியாதுதான். இருந்தாலும் கரிக்காகக் காட்டைத் தேடி அலைந்தவரின் பக்கத்திலேயே அது இருந்தது என்பதை நினைத்தால் ஒரு மாதிரிதான் இருக்கிறது. (கொசுறு: நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல் என்கிற கெட்டியான அடுக்கு உண்டு. அதைத் தோண்டுகிற ராட்சச சக்கர இயந்திரங்களின் எஃகுப் பற்கள் தேய்ந்துபோவது அங்கே பெரிய தலைவலியாக இருந்தது. கருவி தேய்வது இந்த மாவட்டத்தின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கு போல.)

பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குப் போனது. மெனாய் தொங்கு பாலத்திலும் பிரிட்டானியா குழாய்ப் பாலத்திலும் நம்ம ஊர் இரும்பு இருக்கிறது என்று பல இடங்களில் பெருமையாக எழுதியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. மெனாய் தொங்கு பாலம் 1826லேயே திறந்தாச்சு. நம்ம ஆலை 1830களில். முதலில் கட்டின பாலத்துக்குள் போக நம்ம இரும்புக்கு டைம் மெஷின் வேணும் :-) பிரிட்டானியா பாலம் 1850, அது தேதிக்குப் பொருந்தும்.

என்னைக் கேட்டால் பரங்கிப்பேட்டையின் பெருமை பாலத்தில் இல்லை. வேறு ஒரு இடத்தில் இருக்கிறது.

மூணு சதவீதத்துக்குள் ஒரு மருந்து

ஹீத் 1830களின் கடைசியில் இங்கிலாந்து திரும்பி, இரும்பை எஃகாக்குகிற வேலையில் ஷெஃபீல்டில் இறங்கினார். உளி, அரம், ரம்பம், கத்தி என்று உலகத்துக்கே கருவி செய்துகொண்டிருந்த ஊர் அது. அங்கே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் தொடங்கி வைத்த குகை உருக்கு முறைதான் ராஜா. ஆனால் நல்ல எஃகு வேண்டுமென்றால் ஸ்வீடனிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ இரும்பு வர வேண்டும். இங்கிலாந்தின் சொந்த இரும்பு அதற்கு லாயக்கில்லை.

ஏன்? கந்தகம். இங்கிலாந்தில் காடு தீர்ந்து, கல்கரியில் இரும்பு உருக்க ஆரம்பித்து ரொம்ப நாளாச்சு. கல்கரியில் கந்தகம் உண்டு, அது இரும்புக்குள் புகுந்துகொள்ளும். கந்தகமும் இரும்பும் சேர்ந்து, ஏறக்குறைய 988 டிகிரியிலேயே உருகிவிடுகிற ஒரு கலவை ஆகும். அது எஃகின் மணிகளுக்கு நடுவே, செங்கல்லுக்கு இடையில் சாந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். கொல்லன் 1100 டிகிரிக்குச் சூடாக்கி அடிக்கும்போது செங்கல் கெட்டி, சாந்து தண்ணி. ஒரே அடியில் கட்டி பிளந்துவிடும். கருவி செய்வதற்கு முன்னாடியே கருவி உடைஞ்சுடும்.

ஹீத்தின் 1839 காப்புரிமை சொன்ன வைத்தியம்: உருக்கும் குகையில் மாங்கனீஸ் கார்பைடை, மொத்த எடையில் ஒன்றிலிருந்து மூன்று சதவீதத்துக்குள், சேர்த்துவிடு. அவ்வளவுதான். எஃகு அடி தாங்கும், இரும்போடு ஒட்டவைக்கவும் வரும்.

ஏன் வேலை செய்கிறது என்பது இன்றைக்குத் தெரியும். கந்தகத்துக்கு இரும்பைவிட மாங்கனீஸ் மேல் ஆசை அதிகம். ரெண்டும் சேர்ந்த மாங்கனீஸ் சல்ஃபைடு உருக 1600 டிகிரிக்கு மேல் வேண்டும். அடிக்கிற சூட்டில் அது உருகவே உருகாது, ஓரமாகத் துணுக்குகளாகக் கிடக்கும். சாந்து தண்ணியாகாது, சுவர் நிற்கும். உருக்கில் கலந்திருக்கும் ஆக்ஸிஜனையும் மாங்கனீஸ் பிடித்துக்கொள்ளும்.

இதில் என் சொந்த வாசிப்பு ஒன்று உண்டு. மரக்கரியில் கந்தகம் அனேகமாகக் கிடையாது. சேலத்துக் கல்லும் சுத்தமான கல். பரங்கிப்பேட்டையில் ஹீத்தின் கையில் வருஷக்கணக்காகப் புழங்கியது நோயில்லாத இரும்பு. ஆரோக்கியத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு நோய் சட்டென்று தெரியும் இல்லையா? தென்னாற்காட்டுக் காடுகளை எரித்து அவர் சம்பாதித்தது பணம் இல்லை, அந்தக் கண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1839லேயே அவர் இந்திய எஃகைப் பற்றி ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார். எகிப்தியர்கள் கருங்கல் தூண்களில் சித்திர எழுத்து செதுக்கிய உளிகள் இந்திய எஃகால் ஆனவையாகத்தான் இருக்கும் என்று அதில் வாதாடுகிறார். இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இதை ஏற்பதில்லை. ஆனால் அந்த மனுஷன் பாலத்தையோ பீரங்கியையோ யோசிக்கவில்லை, தேயாத உளியை யோசித்தார் பாருங்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாவும் தோசையும்: ஒரு வழக்கு

மாங்கனீஸ் கார்பைடைத் தனியாகத் தயாரிப்பது செலவு. அதற்குப் பதிலாக மாங்கனீஸ் ஆக்சைடையும் தாரையும் நேராகக் குகையில் போட்டால், உள்ளேயே அது உருவாகிவிடும் என்று ஹீத்தே கண்டுபிடித்தார். தன்னிடம் உரிமம் வாங்கியவர்களுக்கும் சொன்னார். ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் இருந்ததோ 'மாங்கனீஸ் கார்பைடு' என்ற வார்த்தை.

அவரிடம் ஏஜெண்டாக இருந்த அன்வின் என்பவர் தனியாகத் தொழில் ஆரம்பித்தார், இந்த மலிவு வழியில். கேட்டால், "நான் கார்பைடு எங்கே போட்டேன்? ஆக்சைடும் தாரும்தானே போட்டேன்" என்கிற கட்சி. தோசை மாவுக்குக் காப்புரிமை வாங்கியவரிடம், நான் அரிசியும் உளுந்தும்தான் போட்டேன், மாவு கிரைண்டருக்குள்ள தானா வந்துச்சு என்று சொல்கிற மாதிரி!

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரு கோர்ட்டில் தோல்வி, மேலே போனால் வெற்றி, அதற்கும் மேலே மறுபடி தோல்வி. 1851ல் ஹீத் இறந்துபோனார். அவர் போன பிறகும் வழக்கு நடந்து, 1855ல் பிரபுக்கள் சபை அன்வினுக்குச் சாதகமாக முடித்துவைத்தது. ஷெஃபீல்டு முழுக்க மாங்கனீஸ் போட்டு எஃகு உருக்கியது. வழி சொன்னவர் குடும்பம் வழக்கில் தோற்று நின்றது.

அடுத்த வருஷமே, 1856ல், பெசமர் தன் புது எஃகு முறையை அறிவித்தார். அந்த எஃகும் சூட்டில் உடைந்தது! அதைக் காப்பாற்றியதும் மாங்கனீஸ்தான். ராபர்ட் மஷெட் மாங்கனீஸ் உள்ள வார்ப்பிரும்பைச் சேர்த்துச் சரி செய்தார். அவர் காப்புரிமை 1859ல் 50 பவுன் கட்டணம் கட்டாமல் விட்டதால் காலாவதி ஆனது. மாங்கனீஸைத் தொட்டவர்களுக்கு ராசியே இல்லை போலிருக்கு.

உளியிலிருந்து டை வரைக்கும்

மஷெட் அதோடு நிற்கவில்லை. 1868ல் டங்ஸ்டன் கலந்த, தண்ணீரில் முக்காமலே தானாக இறுகுகிற கருவி எஃகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் போய் அமெரிக்காவில் டெய்லரும் வைட்டும் சிவக்கச் சூடான பிறகும் வெட்டுகிற எஃகைச் செய்தார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்து எஞ்சினியர்கள் வாயைப் பிளந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் இருந்த உயிர் எஃகுக்குள்ளேயே வந்துவிட்டது.

இன்றைக்குச் சூடான உலோகத்தை அமுக்கி வடிவம் கொடுக்கிற அச்சுகளை, அதாவது டைகளை, எச்13 என்கிற எஃகில் நிறையச் செய்கிறார்கள். கார்பன் 0.4 சதவீதம், குரோமியம் 5 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். ஆனாலும் தேயும். சிவந்த உலோகம் தொடும்போது மேல்தோல் வீங்கும், தண்ணீர் தெளிக்கும்போது சுருங்கும். ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால் கோடை வயல் மாதிரி வெடிப்பு விழும். உராய்வைக் குறைக்க கிராஃபைட் பூசுவார்கள். எஃகையே குழாயாகப் பிதுக்குவதற்கு 1940களில் பிரான்சில் செஜூர்னே என்பவர் கண்ணாடித் தூளை மசகாகப் போட்டார். சூடு பட்டதும் கண்ணாடி உருகித் தேன் மாதிரி நடுவில் பரவி, கருவியைக் காக்கும். கண்ணாடியை எண்ணெயாக்கிய மூளைக்கு ஒரு சபாஷ்!

சிதம்பரத்தில் களி கிண்டுகிறார்கள்

பரங்கிப்பேட்டையில் உலை அணைந்தபின் நூறு வருஷத்துக்கு மேல் தாண்டி, பக்கத்து ஊரிலேயே இந்தக் கதை மறுபடி தலைகாட்டுகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில், உலோக இணைப்புக்கென்று ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே நிறைய வேலை நடந்தது உராய்வுக் கலக்கல் பற்றவைப்பில். 1991ல் இங்கிலாந்தில் பிறந்த முறை அது.

ரெண்டு அலுமினியத் தகட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுழலும் எஃகு முளை ஒன்றை இடைவெளியில் இறக்குவார்கள். உராய்வின் சூட்டில் அலுமினியம் உருகாமலே இளகும். முளை அதைக் களி கிண்டுகிற மாதிரி கிண்டி, ரெண்டையும் ஒன்றாக்கிக்கொண்டே நகரும். உருளை, கூம்பு, சதுரம், முக்கோணம் என்று முளையின் வடிவத்தை மாற்றி மாற்றி, எதில் இணைப்பு பலமாக வருகிறது என்று 2000களில் சிதம்பரத்துக்காரர்கள் வெளியிட்ட ஆய்வுகள் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுபவை.

பாருங்கள், கொல்லன் உளிக்கு விரோதியாக இருந்த உராய்வு இங்கே அடுப்பாகிவிட்டது. ஆனால் கேள்வி பழைய கேள்விதான். கிண்டுகிற கரண்டி தேயாமல் இருக்கணுமே! அலுமினியத்துக்கு எஃகுக் கரண்டி போதும். எஃகையே கிண்ட வேண்டுமென்றால் எஃகுக் கரண்டி தாங்காது, டங்ஸ்டன் கலவையோ போரான் நைட்ரைடோ வேண்டும். அதுவும் தேய்கிறது. ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக

சரித்திரப் புத்தகங்கள் அடிபட்ட இரும்பைப் பற்றி நிறையப் பேசுகின்றன. வாள், பாலம், தண்டவாளம். அடித்த இரும்பைப் பற்றிப் பேசுவது குறைவு. தேய்ந்த உளியை யார் மியூசியத்தில் வைப்பார்கள்? ஆனால் ஒரு காலத்தால் என்ன செய்ய முடியும் என்பதை முடிவு செய்வது கருவி எவ்வளவு சூடு தாங்கும், எத்தனை அடி தாங்கும் என்பதுதான்.

பரங்கிப்பேட்டை அந்த வரிசையில் வருகிற ஊர். அதைத் தோல்வியடைந்த ஆலை என்று ஒரு வரியில் தள்ளுவதும் சரியில்லை, லண்டன் பாலமே நம்ம இரும்புதான் என்கிற ரேஞ்சுக்கு அடித்து விடுவதும் சரியில்லை. ஒரு வெள்ளைக்காரரின் ஆசை, கஞ்சமலைக் கல், பேர் தெரியாத சேலத்து உலைக்காரர்களின் அறிவு, கரியாய்ப் போன காடு.. இத்தனையும் சேர்ந்து வந்த ஒரு பாடம், உலகத்தின் கருவி எஃகுக்குள் மூன்று சதவீதத்துக்கும் குறைவான ஒரு மருந்தாகப் போய்க் கலந்தது. காப்புரிமை வைத்திருந்த ஹீத்துக்கே அதில் நியாயம் கிடைக்கவில்லை என்றால், காப்புரிமை என்ற வார்த்தையே கேள்விப்படாத உலைக்காரர்களுக்கும், வெட்டப்பட்ட காட்டுக்கும் யார் கணக்கு வைத்தார்கள்?

அடுத்த முறை சிதம்பரம் போகும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் ரெண்டு நிமிஷம் இதை நினைச்சுக்குங்க. வீட்டில் பழைய உளியோ அரமோ இருந்தால் ஒருமுறை நுனியைத் தடவியும் பாருங்க. அதுக்குள்ளே கொஞ்சம் மாங்கனீஸ் நிச்சயம் இருக்கும்.

வர்ட்டா..